2000 வாட் எங்கே போகிறது? பழைய தூசு உறிஞ்சிகளும் புதியவையும்

மின்சாதனக் கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் ஒன்று "2000 வாட்" என்கிறது. அதன் பக்கத்துப் பெட்டி "20 கிலோபாஸ்கல்" என்கிறது. கைபேசியைத் திறந்தால், தானாக ஓடும் வட்ட ரோபோ ஒன்று "8000 பாஸ்கல்" என்று மார்தட்டுகிறது. இதற்கிடையில் உவர்மலைப் பக்கத்துப் பழைய வீடொன்றின் களஞ்சிய அறையிலிருந்து, துணிப்பையும் நீண்ட கைப்பிடியுமாக ஓர் இயந்திரம் வெளியே வருகிறது. அதன் தகட்டில் பொறித்திருப்பது 300 சொச்சம் வாட்தான். அந்தக் காலத்துச் சாமான் போல வராது என்பார் ஒருவர். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடு என்பார் இன்னொருவர்.

இந்த வழக்கைத் தீர்ப்பதற்கு முதலில் ஒவ்வோர் இலக்கமும் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டும். பிறகு, அந்த இயந்திரம் எந்தத் தரைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். திருகோணமலையில் வாழ்பவருக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது.

## உறிஞ்சுவது எது?

வக்கியூம் கிளீனர் என்ற பெயரிலேயே ஒரு சிறு பொய் இருக்கிறது. உள்ளே வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. மோட்டார் ஒரு காற்றாடியைச் சுழற்றுகிறது. காற்றாடி உள்ளிருக்கும் வளியைப் பின்புறமாகத் தள்ளுகிறது. உள்ளே அமுக்கம் குறைந்ததும் வெளியிலுள்ள வளி அந்தக் குறையை நிரப்ப விரைகிறது. போகிற போக்கில் தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். வீட்டுப் பாவனைக்கான நல்ல இயந்திரம் ஒன்று அதில் 20 அளவைக் குறைத்தால் பெரிய காரியம். மீதி 80 உள்ளேயேதான் இருக்கிறது.

இதே இயந்திரத்தை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால், அங்கே வளி ஐதாக இருப்பதால், உறிஞ்சும் பலம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். கடலோரத்தில் குடியிருப்பதில் இப்படியும் ஓர் இலாபம்.

தூசி நகர்வதற்கு இரண்டு விடயங்கள் வேண்டும்.

1. உறிஞ்சல் அமுக்கம். குழாயின் வாயை முழுதாக அடைத்தால் உள்ளே எவ்வளவு அமுக்கம் குறைகிறது என்பது இது. அலகு பாஸ்கல். மெத்தை மடிப்பிலும் தரை வெடிப்பிலும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பெயர்ப்பது இந்த அமுக்கம்.

2. வளியோட்டம். வாய் திறந்திருக்கும்போது ஒரு செக்கனில் எத்தனை லீற்றர் வளி உள்ளே போகிறது என்பது இது. பெயர்ந்ததைத் தூக்கிக்கொண்டு போய்ப் பையில் சேர்ப்பது இந்த ஓட்டம்.

இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்கமாட்டா. குழாய் வாயை உள்ளங்கையால் மூடினால் அமுக்கக் குறைவு உச்சம், ஓட்டம் பூச்சியம். கையை எடுத்தால் ஓட்டம் உச்சம், அமுக்கக் குறைவு பூச்சியத்துக்குக் கிட்ட. விளம்பரத்தில் அச்சாகும் இரண்டு பெரிய இலக்கங்களும் இந்த இரண்டு முனைகளில் எடுக்கப்பட்டவை. தரையில் வேலை நடப்பதோ இரண்டுக்கும் நடுவில்.

## பெட்டியிலுள்ள இலக்கங்கள்

வாட் என்பது இயந்திரம் மின்மானியிலிருந்து தின்பதன் அளவு. 2000 வாட் இயந்திரத்தை அரை மணி நேரம் ஓட்டினால் மின்பட்டியலில் ஓர் அலகு ஏறும். அதைத் தவிர அந்த இலக்கம் வேறெதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. தரைக்குப் போய்ச் சேரும் வலுவுக்கு வேறொரு அளவு இருக்கிறது: வளி வாட். வேலை நடக்கும் நிலையில் உள்ள அமுக்கக் குறைவையும் அதே நிலையில் உள்ள வளியோட்டத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. வாயை மூடினால் 22 கிலோபாஸ்கல், திறந்தால் செக்கனுக்கு 36 லீற்றர் தரும் 2000 வாட் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உச்ச வேலை நடப்பது ஏறத்தாழ இரண்டினதும் பாதியில்: 11 கிலோபாஸ்கல், 18 லீற்றர். 11,000 பாஸ்கலை 0.018 கன மீற்றரால் பெருக்கினால் 198. ஆக, 2000 வாட்டில் தரைக்கு வருவது 200 கூட இல்லை. மற்ற 1800 எங்கே போனது? இயந்திரத்தின் பின்புறம் கையை வைத்துப் பாருங்கள்: சூடான காற்று. காதில் விழும் இரைச்சலும் அதில் ஒரு சிறு பங்கு. நல்ல வடிவமைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை தரைக்கு வந்துசேரும். ஆனால் அந்த விவரம் பெட்டியில் பெரிய எழுத்தில் வருவது அரிது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2014 செப்டெம்பரிலிருந்து 1600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டுத் தூசு உறிஞ்சிகளை அங்கே புதிதாகச் சந்தைக்கு விட முடியாது. 2017 செப்டெம்பரில் அந்த எல்லை 900 வாட்டாக இறங்கியது. அப்போதும் சிலர் புலம்பினார்கள்: இனி வீடு சுத்தமாகுமா என்று. வாட்டைக் குறைத்த அதே விதி, தூசி எடுக்கும் திறனின் கீழெல்லையைக் கூட்டியது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கம்பளத்தில் போட்ட தூசியில் 70 வீதம் என்று இருந்தது 75 ஆனது. கடினத் தரையில் 95 என்றிருந்தது 98 ஆனது. 900 வாட்டில் அந்தத் தேர்வில் தேறலாம் என்றால், 2000 வாட் என்ற இலக்கம் பெட்டியின் அலங்காரம்தான்.

இனி பாஸ்கல். ஒரு பாஸ்கல் என்பது மிக மிகச் சிறிய அளவு. மேசையில் கிடக்கும் ஓர் ஏ4 தாள் மேசைமீது தரும் அமுக்கம் ஏறத்தாழ அவ்வளவுதான். இலக்கம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அலகைச் சிறிதாக்கினால் போதும். ரோபோவின் 8000 பாஸ்கல் என்பது 8 கிலோபாஸ்கல். பக்கத்துப் பெட்டியில் அடக்கமாக "20" என்று நிற்கும் சாதாரண இயந்திரத்தின் பாதிகூட இல்லை. ரோபோவின் வளியோட்டத்தைப் பற்றி விளம்பரம் பேசுவதே இல்லை. அது இயங்குவது மின்கலத்தில் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

## வாளி நீரில் ஓர் அளவை

உறிஞ்சல் அமுக்கத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஹாட்வெயர் கடையில் மூன்று மீற்றர் தெளிவான பிளாஸ்டிக் குழாய் வாங்கினால் போதும். குழாயின் ஒரு முனையை நீர் நிறைந்த வாளிக்குள் விடுங்கள். குழாயை மாடிப்படிச் சுவரோரமாக நேர் மேலே கொண்டுபோய், மறு முனையை இயந்திரத்தின் வாயில் பொருத்தி, சுற்றிவரத் துணியும் டேப்பும் போட்டு இறுக்குங்கள். இயந்திரத்தைப் போட்டதும் நீர் குழாயில் ஏறும். ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்.

20 கிலோபாஸ்கல் என்று சொல்லும் இயந்திரம் உண்மையிலேயே அவ்வளவு தருமானால் நீர் இரண்டு மீற்றர் ஏற வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டி. பழைய துணிப்பை இயந்திரத்தில் அது பெரும்பாலும் அரை மீற்றரைச் சுற்றி நின்றுவிடும், முழங்காலளவு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்க அவசரப்பட வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. இரண்டு எச்சரிக்கைகள்: நீர் ஏறிப்போய் மோட்டாருக்குள் புகாதபடி இயந்திரம் குழாயின் உச்சிக்கும் மேலே இருக்க வேண்டும். சில செக்கன்களுக்கு மேல் ஓடவிடவும் கூடாது, ஏனெனில் பல இயந்திரங்களில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே வளியோட்டந்தான்.

## தும்புத்தடியில் பிறந்த இயந்திரம்

1901 இல் இலண்டனில் ஹியூபேர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைப் பார்த்தார். ஊதினால் தூசி இடம் மாறுகிறதே தவிர ஒழியவில்லை. ஒரு கைக்குட்டையை நாற்காலி மெத்தையில் வைத்து, அதன் மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. அதிலிருந்து அவர் கட்டியது குதிரைகள் இழுத்து வரும், பெற்றோல் எஞ்சின் பூட்டிய ஒரு வண்டி. வண்டி தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் யன்னல் வழியே வீட்டுக்குள் போகும். 1902 இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயக் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இந்த வண்டிதான்.

கையால் தள்ளும் வடிவம் வந்தது அமெரிக்காவிலிருந்து. ஒஹாயோ மாநிலத்தின் கன்ரன் நகரில் கடையொன்றைப் பெருக்கித் துடைத்து வந்த ஜேம்ஸ் மறே ஸ்பாங்லர் ஆஸ்துமாக்காரர். பெருக்கும்போது கிளம்பும் தூசி அவரைக் கொன்றுகொண்டிருந்தது. மின்விசிறி மோட்டார் ஒன்று, ஒரு பெட்டி, ஒரு தலையணை உறை, ஒரு தும்புத்தடிக் கைப்பிடி ஆகியவற்றை ஒட்டுப்போட்டு ஓர் உருவத்தை உண்டாக்கினார். 1908 இல் காப்புரிமை கிடைத்தது. தோல் பொருள் வியாபாரியான வில்லியம் ஹென்றி ஹூவர் அதை வாங்கி அதே ஆண்டில் சந்தைக்கு விட்டார். களஞ்சிய அறையிலிருந்து இன்று வெளியே வரும் பழைய இயந்திரங்களில் கணிசமானவை அந்தத் தலையணை உறையின் வழித்தோன்றல்கள். சுவீடனின் இலெக்றோலக்ஸ் நிறுவனம் 1921 இல் வேறொரு வழியில் போனது: தரையில் வழுக்கிப் போகும் உருளை, அதிலிருந்து நீளும் குழாய். இன்றைய கடைகளில் அதிகம் தெரிவது இந்த இரண்டாவது வமிசம்.

ஹூவர் வழியில் திருப்பம் நிகழ்ந்தது 1926 இல். சுழலும் தூரிகை உருளையோடு உலோகச் சட்டங்களையும் சேர்த்துப் பொருத்தினார்கள். உருளை சுழலும்போது அந்தச் சட்டங்கள் கம்பளத்தைச் செக்கனுக்குப் பல தடவை அடிக்கும். கம்பளம் அதிரும்; அடியில் புதைந்த மண் மேலே வரும்; சாதாரணமான காற்றோட்டமே அதைக் கொண்டுபோய்விடும். கொல்லையில் பாயைக் கயிற்றில் போட்டுத் தடியால் அடிப்பதை மோட்டார் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வாளிப் பரிசோதனைக்குத் திரும்புவோம். முழங்காலளவு நீர் ஏற்றிய அந்த இயந்திரத்தின் வளி வாட்டைக் கணக்கிட்டால் நாற்பதைத் தொடுவதே பெரும்பாடு. ஆனால் அதன் வேலையில் பெரும் பங்கு உறிஞ்சலில் நடக்கவில்லை, சட்டங்கள் கம்பளத்தை அடிப்பதில் நடந்தது. 300 வாட்டைக் கொண்டு தடித்த கம்பளத்தைச் சுத்தம் செய்ய முடிந்ததன் இரகசியம் இவ்வளவுதான்.

## கம்பளம் இல்லாத ஊர்

அந்த இயந்திரத்தைத் திருகோணமலை வீடொன்றின் சிவப்புச் சீமெந்துத் தரையில் ஓட்டினால் என்ன நடக்கும்? உப்புவெளிக் கடற்கரையில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் கூடம் முழுக்க மணல் கொட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். சுழலும் தூரிகை மணலைத் தொட்டதும் அதை முன்னால் விசிறியடிக்கும். கணுக்காலில் ஊசி குத்துவது போல மணி மணியாக வந்து விழும். அடிக்கும் சட்டத்துக்கு அதிர வைக்க எதுவும் இல்லை, சீமெந்து அசையாது. கம்பள மயிருக்குள் அமிழ்ந்து நிற்கும்படி செய்த வாய், தட்டைத் தரையில் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியால் வளி விரயமாகும்.

போதாக்குறைக்கு, கைப்பிடியோடு நிமிர்ந்து நிற்கும் பழைய வகை இயந்திரங்கள் பலவற்றில் தூசி முதலில் காற்றாடியைக் கடந்துதான் பைக்குப் போகிறது. கம்பளப் பஞ்சும் தலைமயிரும் போவதால் காற்றாடிக்கு ஒன்றும் ஆகாது. கடல் மணல் அப்படியில்லை. அது கண்ணாடியையே கீறும் படிகக்கல்லின் துகள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் இதழ்களில் அது மோதும் சத்தம் ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருக்கும். சிறிது காலத்தில் அலுமினிய இதழ்களின் விளிம்பு அம்மைத் தழும்பு கண்டதாகிவிடும். பிளாஸ்டிக் இதழானால் உடைந்தே போகும். புல்மோட்டைப் பக்கத்துக் கருமணல் இன்னும் மோசம். இல்மனைற் என்ற கனிமம் கலந்த அந்த மணல் சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதைத் தூக்கவே கூடுதல் வேகம் வேண்டும்.

ஆகவே பழைய இயந்திரம் இங்கே தோற்பதற்கு அதன் வயதைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. கம்பள நாட்டில் பிறந்ததைக் கம்பளம் இல்லாத ஊருக்குக் கொண்டுவந்தது நாம்தான். உலகம் முழுவதும் நம்பப்படும் சோதனை முறைகூடக் கம்பள நாட்டின் பிள்ளைதான்: குறிப்பிட்ட வகை வில்ற்றன் கம்பளத்தில் கனிமத் தூளைத் தூவித்தான் அளக்கிறார்கள். கடினத் தரைக்குத் தனிச் சோதனை உண்டு. பலகை இடுக்கு ஒன்றுக்குள் போட்ட தூளை எடுக்க வேண்டும். இங்கே வாங்குபவர் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது முடிவை.

பழைய காலத்து இயந்திரங்களில் இந்தத் தரைக்கு இணக்கமானது ஒன்று உண்டென்றால் அது 1950களில் வந்த ஹூவர் கொன்ஸ்ரலேஷன். பூகோள உருண்டை வடிவம். தான் வெளியேற்றும் காற்றிலேயே ஒரு மயிரிழை உயர்ந்து மிதக்கும் வகையில் செய்யப்பட்டது. மெழுகிட்ட சீமெந்தில் அது பனிக்கட்டியில் போவது போலப் போகும். ஒரேயொரு குறை: அடியால் வெளியேறும் காற்று தரையிலுள்ள தூசியை நாலாபக்கமும் கலைத்துவிடும். அழகுக்காக வைத்திருக்கலாம்.

ரோபோவுக்கும் இங்கே ஓர் இடைஞ்சல் உண்டு. அது ஏறக்கூடிய படி பொதுவாக இரண்டு சென்ரிமீற்றர் அளவு. பழைய வீடுகளின் நிலைப்படிகளோ அதைக் கணக்கெடுப்பதில்லை. ஒரு வீட்டுக்கு அறைக்கொரு ரோபோ வாங்க யாருக்குக் கட்டும்?

## பை, சுழல், ஹெப்பா

எடுத்த தூசியை உள்ளே வைத்திருப்பது தனி வித்தை. பழைய துணிப்பையில் மணல் நிற்கும், மயிர் நிற்கும், நுண்தூள் நிற்காது. சாமி அறையில் சிந்திய திருநீற்றைத் துணிப்பை இயந்திரத்தால் எடுத்துப் பாருங்கள். முன்னால் போன திருநீறு பின்னால் மெல்லிய புகையாக வந்து சுவாமி படங்களில் படியும். வெயில் ஒளிக்கற்றை விழும் நேரத்தில் செய்தால் கண்ணாலேயே காணலாம்.

பையில்லாத சுழல் வகைக்கு யோசனை தந்தது மர ஆலை. அங்கே மரத்தூளைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்பைப் பார்த்த ஜேம்ஸ் டைசன், 5127 மாதிரிகள் செய்த பிறகு தேறிய ஒன்றைக் கண்டார். தன் பெயரிலான முதல் இயந்திரத்தை 1993 இல் பிரித்தானியச் சந்தைக்கு விட்டார். கூம்புக்குள் வளி வேகமாகச் சுழலும்போது கனமான துகள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே விழுகிறது. கனமான துகளுக்கு மணலைவிட வேறென்ன வேண்டும்? இந்த ஊர் மணலுக்குச் சுழல் வகை மிகவும் பொருத்தம். தெளிவான கொள்கலம் சில மாதங்களில் கீறல் விழுந்து மங்கிப்போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருநீறு போன்ற நுண்தூள் சுழலிலும் தப்பி வடிகட்டிக்குத்தான் போகிறது.

பை நிறைய நிறைய உறிஞ்சல் குறைவது எல்லோரும் கண்டதுதான். ஐரோப்பாவில், இயந்திரம் மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகத் தின்கிறது என்று காட்டும் வலுச் சிட்டைக்கான சோதனையைப் பை வெறுமையாக இருக்கும் நிலையிலேயே செய்துவந்தார்கள். டைசன் நிறுவனம் வழக்குப் போட்டு, 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் அந்தச் சிட்டையை இரத்துச் செய்தது. 900 வாட் எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஹெப்பா வடிகட்டி 1940களில் அமெரிக்க அணுத் திட்டத்தின் தேவைக்காக உருவானது. அமெரிக்க வரையறைப்படி 0.3 மைக்ரோன் அளவுத் துகளில் 99.97 வீதத்தைத் தடுக்க வேண்டும். ஏன் அந்த அளவு? அதைவிடப் பெரியவை இழைகளில் நேராக மோதிச் சிக்கும். மிகச் சிறியவை வளி மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டு எங்காவது ஒட்டிக்கொள்ளும். நடுவிலிருக்கும் 0.3 தான் தப்பிப்பதில் கெட்டிக்காரன். பெட்டியில் "ஹெப்பா வகை" என்று இருந்தால் அது வரையறைக்கு உட்பட்டது என்று பொருளில்லை. வடிகட்டி நன்றாக இருந்து உடல் மூட்டுகள் ஒழுகினாலும் பயனில்லை.

சீமெந்துத் தூளை மட்டும் எந்த வீட்டு இயந்திரத்தாலும் எடுக்கக் கூடாது. வடிகட்டி அடைந்து, குளிர்விக்கும் வளி நின்று, மோட்டார் வெந்துவிடும். ஈரம், உலர் இரண்டுக்குமான பீப்பாய் வகையில் மோட்டாருக்குத் தனிக் குளிர்ச்சி வழி இருக்கிறது. நிலாவெளிப் பக்கத்து விடுதிக்காரர் யாராவது கேட்டால் அதையே சொல்லலாம்.

## சேகரிப்பவர் பார்க்க வேண்டியவை

திருகோணமலையில் கிடைக்கும் பழைய இயந்திரத்தின் பூர்வீகத்தை மூன்று காலங்களோடு பொருத்திப் பார்க்கலாம்: பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்த 1957க்கு முன், இறக்குமதி திறந்துவிடப்பட்டு வளைகுடா வேலைகளும் பெருகிய 1977க்குப் பின், புலம்பெயர்ந்த உறவுகள் பெட்டி அனுப்பத் தொடங்கிய காலம். பிரித்தானிய இயந்திரமானால் மின்கம்பியின் உள் நிறங்கள் ஒரு துப்பு. சிவப்பு, கறுப்பு, பச்சை என்றால் ஏறத்தாழ 1970க்கு முந்தியது. மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள் என்றால் அதற்குப் பிந்தியது, அல்லது யாரோ கம்பி மாற்றியிருக்கிறார்கள். தகட்டில் "பெரிவேல், மிடில்செக்ஸ்" என்றிருந்தால் இலண்டனின் மேற்கே 1930களில் எழுந்த ஹூவர் தொழிற்சாலையின் பிள்ளை.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை:

1. மின்னழுத்தம். ரொறன்ரோவிலிருந்து வந்தது 120 வோல்ட். இங்கே சுவரில் இருப்பது 230. நேரே சொருகினால் மோட்டார் நாலு மடங்குக்குக் கிட்டிய வலுவை வாங்கும். ஓலமிட்டு, நீலப் பொறி கக்கி, கருகிய மணத்தோடு முடிந்துவிடும். இந்த மோட்டார்கள் ஆடலோட்டம், நேரோட்டம் இரண்டிலும் ஓடும் வகையானதால் 50, 60 ஹேர்ட்ஸ் வேறுபாடு பொருட்டில்லை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 1200 வாட் இயந்திரத்துக்கு அது ஒரு கைக்குழந்தையைவிடக் கனக்கும்.

2. மின்கம்பி. பழைய இறப்பர் உறை வெப்பத்தில் பொருபொருத்துப் போகும். மடித்துப் பார்த்தால் அப்பளம் போல உதிரும். அப்படியானால் மறுபேச்சில்லாமல் மாற்ற வேண்டும்.

3. புவித்தொடுப்பு. உலோக உடலுக்குப் புவிக்கம்பி கட்டாயம். இரண்டு முள் சொருகியோடு வரும் உலோக உடல் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. முதல் ஓட்டம். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு, பழைய இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சுருள் ஒன்றோடொன்று பட்டிருந்தால் மின்குமிழ் முழு வெளிச்சத்தில் எரியும், இயந்திரம் பிழைக்கும்.

5. காபன் பிரஷ். மோட்டாரில் பிரஷ் தொடும் இடத்தில் சிறு நீலப் பொறி இயல்பு. சுற்றிவர நெருப்பு வளையம் போட்டால் நிறுத்திவிட்டு, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆமெச்சரைப் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

பிறகு உப்பு. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது புழுதி உலர்ந்து பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அதே புழுதி உப்பு ஈரத்தை இழுத்துக் களிம்பாகிவிடும். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வைத்திருந்த அலுமினிய உடலைக் கழற்றினால் திருகாணித் துளைகளைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருப்பதைக் காணலாம். பெயரிங் கிரீஸ் மெழுகாகியிருக்கும். மாரி முழுக்கப் பூட்டி வைப்பதைவிட, கிழமைக்கொருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுவது நல்லது. மோட்டார் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டும்.

திருத்தும் விடயத்தில் என் வாக்கு பழையதற்கே. 1950களின் மோட்டாரை மோட்டார் கட்டும் கடையில் கொடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்கலாம். இன்றைய கம்பியில்லா இயந்திரத்தின் மோட்டார் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றைத் தாண்டும் அற்புதம். ஆனால் அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் வெந்து அதன் மின்கலம் சில ஆண்டில் செத்தால், அதே வடிவ மின்கலம் கிடைக்காதவரை முழுதும் குப்பை. 2020 இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது ஒரு சிறு உதிரிப்பாகத்துக்காக அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐரோப்பிய விதி புதிய மோட்டாருக்குக் கேட்பது குறைந்தது 500 மணி நேர ஆயுள். கிழமைக்கு அரை மணி நேரம் ஓட்டினால் 19 ஆண்டுகள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. உப்பும் மணலும் அந்தக் கணக்கில் இல்லை.

## வீட்டிலேயே ஒப்பிடுவது

1. ஒரு சதுர மீற்றர் தரையைச் சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தரையோட்டு இடுக்கோ வெடிப்போ உள்ள இடமாக.

2. உலர்ந்த மணல் 50 கிராம் நிறுத்து ஒரே சீராகத் தூவுங்கள்.

3. ஒவ்வோர் இயந்திரத்தையும் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் மட்டும் ஓட்டுங்கள். கோட்டுக்கு வெளியே தெறித்த மணலும் மிச்சந்தான்.

4. மிஞ்சியதைச் சிறு தூரிகையால் கூட்டி நிறுங்கள். பையை நிறுத்து மெனக்கெட வேண்டாம். துணிப்பையின் எடை நம்பத்தக்கதல்ல.

5. இதையே பழைய மெத்தையொன்றில் பவுடர் தூவிச் செய்யுங்கள். இங்கேதான் பழைய அடிக்கும் இயந்திரம் தலை நிமிரும்.

6. ஒவ்வொன்றுக்கும் வாட், ஏறிய நீரின் உயரம், மிஞ்சிய மணல் ஆகிய மூன்றையும் ஓர் அட்டவணையில் எழுதுங்கள். வாட் நிரலும் மணல் நிரலும் எவ்வளவு தூரம் ஒத்துப் போகின்றன என்று பாருங்கள்.

கடைசியாக, அதே சதுரத்தில் அதே 50 கிராமைத் தூவி, மூலையில் சாத்தியிருக்கும் தும்புத்தடியையும் ஒருமுறை இழுத்து, மிஞ்சிய மணலை நிறுத்துப் பாருங்கள். அதையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேருங்கள். வாட் நிரலில் அதற்குப் பூச்சியம்.